ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "ம்" என்று ஒரே எழுத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

மாப்பிள்ளை நேற்றுப் பேசினார். என் பேச்சைக் கேட்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் காரை விற்று எலெக்ட்ரிக் கார் வாங்கியதால் நடுத்தெருவில் நிற்பதாக எல்லோரிடமும் சொல்கிறாயாம். என் கார் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளாவது நான் எங்கேயாவது நின்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

விளம்பரத்தைக் காட்டி உன்னை வாங்கச் சொல்லவில்லை. என் வீட்டுக் கரண்ட் பில்லைக் காட்டித்தான் சொன்னேன். மறந்திருப்பாய், திரும்பச் சொல்கிறேன். பள்ளிக்கூடம், டியூஷன், கடைகண்ணி எல்லாம் சேர்த்து மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கார் வந்த பிறகு என் பில்லில் கூடியது இருபதே யூனிட். அறுநூறை இருபதால் வகுத்துப் பார். ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

உனக்கு அப்படி வரவில்லை என்றால் கோளாறு காரில் இல்லை, உன் காலில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டும்போதே நீ சுவரில் மோதித்தான் நிறுத்துவாய். ஏசியைக் குறை, மெதுவாகப் போ, செலவு தானாக இறங்கும். என் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் உன்னை மாதிரித்தான். ஒரு வருடமாகக் கரண்ட் பில் ஏறிவிட்டது என்று ஒரே புலம்பல். கடைசியில் நான்தான் உட்கார்ந்து, வீட்டில் எது எவ்வளவு தின்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பழைய ஃபிரிட்ஜ்தான் குற்றவாளி என்று தெரிந்தது. விற்றுவிட்டார், பில்லும் இறங்கியது. சொன்னால் கேட்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

பதினான்கு மாதப் பில்களின் நகல்களும் இதோடு இருக்கின்றன. பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். இவர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

உனக்கென்ன, மாடியிலிருந்து இறங்கினால் ஷெட், ஷெட்டிலேயே சார்ஜர். வயரைச் செருகிவிட்டு ராணி மாதிரி படுக்கப் போகிறாய். எனக்கு இரண்டாவது மாடி. கார் நிற்பது தெருவில். முதல் வாரம் ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு, நடைபாதையில் அதன்மேல் பலகை போட்டுச் சார்ஜ் ஏற்றினேன். மூன்றாம் நாள் ஒருவர் தடுக்கி விழப் பார்த்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, "ஏம்மா, இது வீடா, டிரான்ஸ்ஃபார்மரா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. இப்போது ஊர் எல்லையில் இருக்கிற சார்ஜிங் ஸ்டேஷன்தான் கதி. வீட்டில் கொடுக்கிற விலையைப் போல அங்கே மூன்று மடங்கு. வரிசையில் அரை மணி, ஏறுவதற்கு ஒரு மணி. உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு எனக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

என் வேலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறு பேரை வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வருகிறேன். கையில் கட்டோடு துவண்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "கொஞ்சம் ஏசியை நிறுத்திக்கிறேங்க, எங்க அக்கா சொல்லியிருக்கா" என்று சொல்லட்டுமா? போன செவ்வாய்க்கிழமை சார்ஜ் வரிசையில் மாட்டிக்கொண்டு, ரிடையரான தபால் மாஸ்டரை ஆஸ்பத்திரி வாசலில் ஐம்பது நிமிடம் காக்க வைத்துவிட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இந்த வேலை போனால் கார் போகும். கார் போனால் நான் வீட்டில் உட்கார்ந்து இவரிடம் குத்திக்காட்டல் கேட்க வேண்டியதுதான்.

ஆறு கிலோமீட்டர், அக்கா. ஒரு யூனிட்டுக்கு எனக்கு வருவது ஆறு. பூப்போல ஓட்டினால் ஆறரை. உன் முப்பதைச் சார்ஜிங் ஸ்டேஷனில் பணம் வாங்குகிற அம்மாவிடம் சொன்னேன். "முப்பதா? உங்க அக்கா காருக்கு றெக்கை இருக்கா, இல்ல இறக்கத்துல மட்டுந்தான் ஓட்டுவாங்களா?" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நேராகவே கேட்கிறேன். நீ பொய் சொன்னாயா, அக்கா? நீ கார் வாங்கியது சரிதான் என்று காட்டிக்கொள்ள என்னையும் இழுத்துவிட்டாயா?

சின்னவள்


மார்ச் 18

சின்னவளே,

பொய்யா? இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். விடைத்தாளில் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டவள் இல்லை. தங்கை என்று பார்க்காமல் உனக்கே வீட்டுப் பாடத்தில் சுழி போட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பொய்யா என்று கேட்கிறாய். கடிதத்தை வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் காரின் திரையிலும் ஆறு, ஆறரை என்று ஏதோ காட்டத்தான் செய்கிறது. அதை யார் நம்புவார்? திரை கம்பெனிக்காரன் வைத்தது, எதையும் காட்டுவான். பில் மீட்டரைப் பார்த்துப் போடுவது. எனக்கு மீட்டர்தான் சாட்சி.

கணக்கு எப்படி வேலை செய்யும் என்று தெரிய வேண்டுமானால் அதே தையல்காரம்மாவைப் பார். ஃபிரிட்ஜ் போனதும் மாதம் ஐம்பது யூனிட் இறங்கியது. அப்படியும் பழைய அளவுக்கு வரவில்லை. "இன்னும் எது டீச்சர் திங்குது?" என்று வந்து நின்றார். சுற்றிப் பார்த்தேன். அவர் அம்மா அங்கேயே இருந்தார், எழுபது வயது, மூச்சு வாங்கும், இராப்பகலாகத் தலைக்கு மேல் ஃபேன் ஓட வேண்டும். ஒரு ஃபேன் நாள் முழுக்க ஓடினால் மாதம் ஐம்பது யூனிட். எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "நான் ஃபேனைத்தானே அணைக்கச் சொல்றேன், உங்க அம்மாவையா?" என்று விளையாட்டாகக்கூடச் சொன்னேன். அந்த அம்மாவால் ஃபேன் இல்லாமல் முடியவில்லை போல. ஜனவரிக் கடைசியில் மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், உன் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. போன மாதப் பில் சரியாக இன்னொரு ஐம்பது இறங்கி, பழைய அளவுக்கே வந்துவிட்டது.

பார்த்தாயா? கணக்கு பொய் சொல்லாது. நீயும் எது தின்கிறது என்று உட்கார்ந்து பார். வாயால் ஓட்டுவதை விட்டுவிட்டுக் காரை ஓட்டு.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இந்தக் கடிதத்தில் சண்டை இல்லை. படித்ததும் எழுந்து போய் ஒரு வேலை செய்ய வேண்டும்.

நேற்று உன் பதினான்கு பில்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து இவரும் நானும் பார்த்தோம். "ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒண்ணு குடம் குடமா குடிக்குது, இன்னொண்ணு நாக்கை மட்டும் நனைக்குது. எப்படி?" என்றார் இவர். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கார் வந்த அதே மாதம்தான் நீ வாஷிங் மெஷின் வாங்கினாய். பெட்ரோல் காசு மிச்சமாகிறது என்று போன் போட்டுப் பெருமையடித்தாய். அந்த இருபது யூனிட் மெஷினுடையது, அக்கா. முப்பது கிலோமீட்டர் ஓடியது கார் இல்லை, உன் துணிமணி.

அப்படியானால் கார் குடித்தது எங்கே? உன் திரை காட்டுகிற ஆறால் அறுநூறை வகுத்தால் நூறு. மாதம் நூறு யூனிட் உன் பில்லில் இல்லவே இல்லை. அதன் பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஃபிரிட்ஜ் ஐம்பது. ஃபேன் ஐம்பது. கூட்டினால் அதே நூறு.

தையல்காரம்மாவின் பில் ஏற ஆரம்பித்தது எந்த மாதம்?

காரைச் சார்ஜில் போடு. மாடிக்குப் போய் உன் மெயின் சுவிட்சை அணை. இறங்கி வந்து சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். நான் நினைப்பது தப்பாக இருந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். தப்பாகவே இருக்கட்டும்.

சின்னவள்


மார்ச் 29

சின்னவளே,

எரிந்துகொண்டிருந்தது.

தவறான சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி மாடி ஏறினேன். என் வீட்டில் ஃபேன் நின்றிருந்தது, ஃபிரிட்ஜ் நின்றிருந்தது, எல்லாம் செத்துக் கிடந்தது. இறங்கி வந்தால் ஷெட்டில் அந்த விளக்கு பச்சைப் பசேல் என்று எரிகிறது.  

பிறகு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். "உங்க மெயினை ஒரு நிமிஷம் அணைக்கிறீங்களா, ஒரு சந்தேகம்" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய் அணைத்தார். தையல் மெஷின் மோட்டார் நின்றது. வெளியே வந்து பார்த்தேன். பச்சை விளக்கும் நின்றுவிட்டது. "என்ன டீச்சர், எல்லாம் சரியா இருக்கா?" என்று உள்ளிருந்து கேட்டார். "சரியா இருக்கு" என்றேன். நீ முன்பு கேட்டபோது நான் பொய் சொல்லியிருக்கவில்லை. இது பொய்.

செய்தது யார் தெரியுமா? எலெக்ட்ரீஷியன் இல்லை. அவர் மாடியில் இருக்கிற என் பெட்டியிலிருந்து வயர் இழுக்க வேண்டும், கொஞ்சம் செலவாகும் என்றுதான் சொன்னார். "எதுக்கு அவ்வளவு வயரு? இதோ ஷெட்டுலயே ஒரு பெட்டி இருக்கே, அதுலயிருந்து எடுங்க" என்று சொன்னது நான். அது கீழ்வீட்டுடையது, நானோ அதுவும் என் மீட்டரில்தான் சேரும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து முழ வயரை மிச்சம் பிடித்த கெட்டிக்காரி.

கார் வந்த அதே மாதம்தான் அவர் பில் ஏற ஆரம்பித்திருக்கிறது. என் காரின் நூறு யூனிட்டுக்கு இடம் விட்டு, ஒரு ஃபிரிட்ஜும் ஒரு தாயும் அந்த வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறார்கள். இரண்டையும் அனுப்பியது என் கையெழுத்து. அந்தக் காகிதத்தை அவர் இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அடியில் கோடு போட்டு விடை எழுதியிருக்கிறேன்.

உனக்கு ஆறுதான் சரி. நான் உன்னை ஏமாற்றவில்லை, என்னையே ஏமாற்றிக்கொண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். மன்னித்துவிடு.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வயரை மாற்றிவிட்டு, ஏதாவது உதவி மாதிரி அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாமா? இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் என்னிடம்தான் படிக்கிறார்கள். கணக்கு டீச்சர் கரண்ட் திருடினாள் என்று ஆகிவிடாதா?

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

உதவி மாதிரியா? பசுவைக் கொன்று செருப்புத் தானம் பண்ணுகிற கதையாக இருக்கிறதே!

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் நான் விற்றது ஒரு பழைய காரை. அந்தப் பெண் அனுப்பி வைத்தது பெற்றவளை. என் வரிசை பின்னால்தான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். தன்னால் மகளுக்குச் செலவு என்று நினைத்துக்கொண்டே வண்டி ஏறிப் போனாளே ஒருத்தி, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பாய்? ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால் நான் புறப்பட்டு வந்து சொல்வேன். நான் சொன்னால் உன்னை மாதிரி அழகாகச் சொல்ல வராது.

சின்னவள்


ஏப்ரல் 9

சின்னவளே,

சொல்லிவிட்டேன்.

பில்களை எடுத்துக்கொண்டு போனேன். யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே ஆரம்பித்தேன், என் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் நிற்கிற மாதிரி. வயர், பெட்டி, நூறு யூனிட், எல்லாம். அவர் தலையைத் தூக்கவில்லை. தையலைக் கடைசிவரை ஓட்டி முடித்து, நூலை வெட்டினார்.

"அப்ப எங்கம்மா போட்ட ஃபேன் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

"ஃபேன் இல்லையா?" என்று மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் அதையே கேட்டார். 

பிறகு அவரே பேசினார். "கடைசி வாரம் அம்மா தூங்கறப்ப நானே போய் ஃபேனை அணைச்சேன் டீச்சர். வேர்த்துப்போய் எழுந்து உக்காந்திருந்தாங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. காலையில அவங்களே, 'நான் உங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்'னாங்க. நான் சரின்னுட்டேன்." சுவரில் இருந்த என் காகிதத்தைப் பிய்த்து, நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "இதை நீங்களே வெச்சுக்கங்க."

பணத்தைப் பற்றி நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது கணக்குத்தானே, உங்களுக்குப் போடத் தெரியும். முதல்ல எங்கம்மாவைக் கொண்டாந்து விடுங்க." அந்த நிமிடமே புறப்படுகிறேன் என்றேன். சாவியைக்கூட எடுத்துவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வண்டில வேண்டாம்" என்றார்.

சின்னவளே, என்னை யாரும் அடித்ததில்லை. அடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெட்டியிலிருந்து புது வயர் இழுத்தாகிவிட்டது. ஆனாலும் கார் ஷெட்டில்தான் நிற்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிறேன். அந்த அம்மாவைப் போனில் மகள் கூப்பிட்டுப் பார்த்தார். "நான் இங்கேயே சௌகரியமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டாராம். யாராவது நேரில் போக வேண்டும். உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். போவாயா?

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

உன் வீட்டு வாசலில் அந்த அம்மாவை இறக்கிவிட்டுவிட்டு, மாடிப்படியில் நின்ற உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ நாலு தடவை போன் செய்துவிட்டாய். கோபம் இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் என் சமாச்சாரம். ஆம்புலன்ஸ் நிறுத்துகிற ஷெட்டில் எனக்கு ஒரு பிளக் கொடுக்க ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. நோயாளிகள் டயாலிசிஸ் அறையில் இருக்கிற நாலு மணி நேரத்தில் கார் நிறைந்துவிடும், காத்துக் கிடக்க வேண்டியதில்லை. தனி மீட்டர் வைக்கச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் வேலையை முடித்ததும் அங்கே இருந்த சுவிட்சை எல்லாம் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். செலவு நீ சொன்ன மாதிரி ஒன்றுமே இல்லை என்று இல்லை, பெட்ரோலில் பாதி வருகிறது. பாதியே எனக்குப் போதும். வேலை நிலைத்துவிட்டது.

இப்போது அந்த அம்மா. மகன் வீட்டில் பின்பக்கத்து அறையில் இருந்தார். வெயில் கொளுத்துகிறது, தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்குகிறது, அந்த அம்மா ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். "நாங்க போட்டு விட்டாலும் எழுந்து போய் அணைச்சிடறாங்க" என்றாள் மருமகள். பாவம், அவள் மேல் தப்பில்லை. உங்கள் ஃபேனால் பில் ஏறவில்லை, எங்கள் அக்கா செய்த தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். "இருக்கட்டும்மா, எனக்கு இங்க ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மகளைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். மகள் என்ன சொன்னாரோ தெரியாது. வெகுநேரம் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையைத் தேட ஆரம்பித்தார்.

காரில் ஏறியதும் ஏசிக் காற்று பட்டது. "அப்பாடா, உயிர் வந்துச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வாங்குவதுகூடக் குறைந்தது. என் சின்ன வயதுச் சங்கதியெல்லாம் விசாரித்தார். உன்னைப் பற்றிக்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "டீச்சர் நல்லவங்க, கணக்குல புலி" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

பாதி வழியில் சார்ஜ் போட நிறுத்தினேன். மூன்று சார்ஜரில் ஒன்று கெட்டுப் போயிருந்தது, மற்ற இரண்டிலும் வண்டிகள். காத்திருந்து ஒருவழியாகச் செருகிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"ஏம்மா நின்னுட்டோம்?" என்றார்.

"சார்ஜ் ஏறணும்மா. இது பெட்ரோல் வண்டி இல்ல, கரண்ட்ல ஓடுறது."

அதுவரை இருந்த முகம் வேறு, அதற்குப் பிறகு இருந்த முகம் வேறு. கையை நீட்டி, காற்று வருகிற ஓட்டையை மூடினார். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்து என்னிடம் கேட்டார், அக்கா.

"யாரோட கரண்ட்டும்மா?"

 நான் காசு கொடுத்து வாங்குவது என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய் சார்ஜரைக் காட்டினேன், கார்டைக் காட்டினேன், எண் ஓடுவதைக் காட்டினேன். எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். போதும், நிறுத்திவிடு என்றார். முடிந்ததும் ரசீது வந்தது. அதை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல உன் பேரு போட்டிருக்கா?" என்றார். போட்டிருக்கிறது என்றேன். எந்த இடத்தில் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பத்திரமாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கும்மா உங்களுக்கு?" என்றேன்.

"மக கேட்டா காட்டணும்ல" என்றார்.

சின்னவள்